கைக்குள் ஒரு சிற்றூர்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்திற்கு இரயிலில் செல்வோர் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் ஆகிய நிலையங்களைக் கடந்து செல்வர். தொலைவு ஏறத்தாழ 37 கிலோமீட்டர். கரும்பும் நெல்லும் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையும் விளையும் நிலங்கள், பனைகள் நிற்கும் ஏரிக்கரைகள், இடையிடையே சிற்றூர்கள் எனச் சன்னல் வழியே காட்சிகள் நகர்ந்து செல்லும். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நான் நாள்தோறும் இவ்வழியே போய் வருகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு மாலைப் பயணத்தில், சன்னலுக்கு வெளியே மயிலத்தின் வயல்கள் ஓடிக்கொண்டிருக்க, என் கையிலிருந்த சிறு பெட்டிக்குள் வேறொரு சிற்றூரைப் பார்த்துக் கொண்டிருந்தேன். அங்கும் அப்போது அந்தி நேரம். அங்கும் மரங்களில் பூச்சிகள் ஒலித்தன. சிங்கப்பூரிலுள்ள என் மைத்துனர் தம் மகன் ஆடி ஒதுக்கிய வீடியோ விளையாட்டுக் கருவி ஒன்றை என் மகளுக்கென அனுப்பியிருந்தார். அதனுள் இருந்த ஆட்டம் 2005-இல் வெளிவந்த ‘அனிமல் கிராசிங்: வைல்டு வேர்ல்டு’.

அதன் முன்னோடியை நான் அறிவேன். பள்ளி விடுமுறை ஒன்றில் சிங்கப்பூர் சென்றிருந்தபோது, தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் பெரிய கருவியில் அந்த ஆட்டத்தை ஒரு மாதம் ஆடினேன். அதில் போர் இல்லை, பந்தயம் இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. இரயிலேறி ஒரு சிற்றூருக்குக் குடிபோக வேண்டும். பூனை, யானை, தவளை போன்ற அண்டை வீட்டாருடன் பேசிப் பழக வேண்டும். மீன் பிடிக்கலாம், மரம் நடலாம், கடிதம் எழுதலாம். அவ்வளவுதான். அந்த விடுமுறை முடிந்து திரும்பியபோது, எனக்குச் சொந்தமான ஊர் ஒன்றை அங்கே விட்டுவந்ததாகவே உணர்ந்தேன். அதே ஊர் இப்போது சட்டைப்பைக்குள் அடங்கும் வடிவில் வந்தபோது என் மனத்தில் எழுந்த கேள்வி இது: ஒரு சிற்றூரைக் கைக்குள் அடக்க எவையெவை தேவைப்பட்டன? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால் இயற்பியலின் ஒரு நூற்றாண்டு வரலாறு நம் முன் விரிகிறது.

இரயில் பயணியும் கணக்கிடும் கருவியும்

ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நின்டெண்டோ நிறுவனம் முதலில் செய்தது விளையாட்டுச் சீட்டுக் கட்டுகள். அங்கு 1965-இல் பணியில் சேர்ந்த குன்பே யோகோய் என்னும் இளைஞர் சீட்டு அச்சிடும் எந்திரங்களைப் பராமரித்து வந்தார். ஓய்வு நேரத்தில் அவர் செய்த நீட்டி மடக்கும் கைப்பிடிப் பொம்மை ஒன்று 1966-இல் விற்பனைக்கு வந்து பெருவெற்றி பெற்றது. அன்று முதல் அவர் பொம்மை வடிவமைப்பாளரானார்.

ஒருநாள் இரயிலில் செல்லும்போது, சலிப்புற்ற பயணி ஒருவர் தம் கணக்கிடும் கருவியின் பொத்தான்களை வெறுமனே அழுத்தி விளையாடிக் கொண்டிருந்ததை யோகோய் கண்டதாகச் சொல்லப்படுகிறது. நேரத்தைப் போக்க ஒரு சிறு கருவி வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அப்போது தோன்றியது. 1980 ஏப்ரல் 28 அன்று ‘கேம் அண்டு வாட்ச்’ என்ற வரிசையின் முதல் கருவி வெளிவந்தது. பெயரே குறிப்பிடுவது போல அது ஆட்டமும் கடிகாரமும் சேர்ந்த ஒன்று. ஆடாத வேளையில் அது நேரம் காட்டும். கையடக்க ஆட்டக் கருவிக்குள் கடிகாரம் புகுந்தது அப்போதுதான். அதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

யோகோயிடம் ஒரு கொள்கை இருந்தது. புத்தம் புதிய தொழில்நுட்பத்தைத் தேடி ஓட வேண்டாம். பழகித் தேய்ந்து மலிவாகிவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து அதற்குப் புதிய பயன் காண்க என்பது அது. 1980-இல் கணக்கிடும் கருவிகளின் விலை வீழ்ந்திருந்தது. அவற்றின் சில்லுகளும் காட்சித் திரைகளும் மலிவாகக் கிடைத்தன. அவற்றைக் கொண்டே அவர் பொம்மை செய்தார். 1982-இல் மேலும் கீழுமாக இரு திரைகள் கொண்டு, நூல்போல் விரித்து மடக்கும் வடிவத்தையும் அவர் குழு உருவாக்கியது. அது 22 ஆண்டுகளுக்குப் பின் வேறொரு கருவியில் மீண்டும் உயிர் பெற்றது. இன்று என் மகள் கையில் இருப்பது அதுவே.

நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இக்கருவிகள் நேர்வழியில் வரவில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பும் உறவினர் பெட்டியிலிருந்தோ, சென்னை பர்மா பசாரின் கடைகளிலிருந்தோ வந்தன. பிறகு திருவிழாக் கடைகளில் செங்கல் போன்ற கட்டங்களை அடுக்கும் கருவி குவிந்தது. மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் 1984-இல் உருவாக்கிய ‘டெட்ரிஸ்’ ஆட்டத்தின் நகல் அது. நான் பள்ளியில் படிக்கும்போது மயிலம் பங்குனி உத்திரத் திருவிழாவில் அடம்பிடித்து வாங்கிய கருவியும் அதுவே. அதன் திரையில் இருந்தவை 10 பத்தி, 20 வரிசையில் 200 கட்டங்கள் மட்டுமே. எந்தக் கட்டம் கறுக்க வேண்டும், எது வெளுக்க வேண்டும் என்பதே அந்த ஆட்டத்தின் முழு உலகம்.

படம் எழுதும் நீர்மம்

கட்டங்கள் கறுப்பதும் வெளுப்பதும் எவ்வாறு? விடை 1888-இல் கிடைத்தது. பிராகு நகரில் பணியாற்றிய தாவரவியலார் பிரீட்ரிக் ரைனிட்சர், காரட்டிலிருந்து பெற்ற ஒரு கொலஸ்டிரால் சேர்மத்தைச் சூடேற்றினார். அது 145.5 பாகை செல்சியஸில் உருகிக் கலங்கிய நீர்மமாயிற்று. 178.5 பாகையில் அக்கலக்கம் நீங்கித் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலைகள் எப்படி இருக்க முடியும்? செர்மானிய இயற்பியலார் ஓட்டோ லேமன் ஆராய்ந்து, இடைப்பட்ட அந்நிலையில் பொருள் நீர்மம் போல் ஓடுகிறது, படிகம் போல் ஒழுங்கும் காட்டுகிறது என்று கண்டார். அதற்கு நீர்மப் படிகம் என்ற பெயர் நிலைத்தது.

எண்பது ஆண்டுகளுக்கு மேல் இது ஆய்வுக்கூட வியப்பாகவே இருந்தது. 1970-ஆம் ஆண்டை ஒட்டிச் சுவிட்சர்லாந்தில் சாட்டும் ஹெல்ஃபிரிச்சும் அதை ஒரு திரையாக்கும் வழியைக் கண்டனர். நீண்ட மூலக்கூறுகள் கொண்ட நீர்மப் படிகத்தை இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே வைத்து, மேல் தகட்டிலிருந்து கீழ்த் தகட்டிற்குள் மூலக்கூறுகள் 90 பாகை முறுக்கி நிற்குமாறு செய்தனர். இரு புறமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் போலராய்டு தகடுகளை வைத்தனர். முதல் தகட்டைக் கடந்த தளவிளைவுற்ற ஒளி, மூலக்கூறுகளின் முறுக்கைப் பின்பற்றி 90 பாகை சுழன்று இரண்டாம் தகட்டையும் கடந்துவிடும், அவ்விடம் ஒளிரும். சிறிய மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் முறுக்கை விட்டு நிமிர்ந்து நிற்கும். ஒளி தடைப்பட்டு அவ்விடம் கறுக்கும். இதற்குத் தேவையான மின்திறன் மிகமிகச் சிறிது. பொத்தான் அளவு மின்கலம் மாதக்கணக்கில் போதும். கையடக்கக் கருவி பிறந்ததற்கு முதல் காரணம் இந்தச் சிக்கனமே.

நீர்மப் படிகத்தின் வரலாற்றில் நம் நாட்டிற்கும் இடமுண்டு. 1977-இல் பெங்களூர் இராமன் ஆய்வுக் கழகத்தில் சி. சந்திரசேகரும் உடன் ஆய்வாளர்களும், கோல் வடிவ மூலக்கூறுகள் மட்டுமல்ல, தட்டு வடிவ மூலக்கூறுகளும் நீர்மப் படிகமாகும் என்று காட்டினர். நோபல் பரிசு பெற்ற வானியற்பியலார் சந்திரசேகர் வேறு, இவர் வேறு. இருவருமே சர் சி. வி. இராமனின் உடன்பிறந்தோர் மக்கள். தட்டு வடிவ மூலக்கூறுகளாலான படலங்கள், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் திரை தெளிவாகத் தெரிய உதவும் வகையில் பின்னாளில் பயன்பட்டன.

பிரிவில் பிறந்த ஆட்டம்

இனிச் சிற்றூருக்கு வருவோம். அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் கட்சுயா எகுச்சி. 1965-இல் பிறந்த அவர் வளர்ந்தது தோக்கியோவை அடுத்த சீபா மாவட்டத்தில். 1986-இல் நின்டெண்டோவில் வேலை கிடைத்துக் கியோட்டோவுக்கு வந்தபோது குடும்பத்தையும் நண்பர்களையும் விட்டுத் தனியே வந்தார். அவர்களுடன் சேர்ந்திருப்பது எவ்வளவு பெரிய செல்வம் என்பதை அப்போதுதான் உணர்ந்ததாக அவர் பின்னர்ப் பேட்டிகளில் கூறியிருக்கிறார். குடும்பம், நட்பு, அண்டை அயல் என்னும் மூன்றையும் ஓர் ஆட்டத்தில் கொண்டுவர விரும்பினார்.

அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அவர் வேலை முடித்து வீடு திரும்புவது இரவில் வெகுநேரம் கழித்து. பிள்ளைகள் அதற்குள் ஆடி முடித்து உறங்கியிருப்பர். ஒரே நேரத்தில் சேர்ந்து ஆட முடியாதவர்கள் வெவ்வேறு நேரங்களில் ஆடினாலும் சேர்ந்து ஆடியதாக இருக்க வேண்டும். பகலில் மகள் நட்ட மரத்தை இரவில் தந்தை காணவேண்டும். அவர் எழுதி வைத்த கடிதத்தை மறுநாள் மகள் படிக்க வேண்டும்.

இதற்கு வேண்டியவை இரண்டு: நடந்ததை மறவாத நினைவகம், யாரும் ஆடாதபோதும் ஓடும் கடிகாரம். இவை இரண்டும் கொண்ட வட்டு இணைப்புக் கருவிக்காகவே அந்த ஆட்டம் முதலில் திட்டமிடப்பட்டது. 1999 இறுதியில் வெளிவந்த அக்கருவி விலைபோகவில்லை. ஆகவே ஆட்டம் சாதாரணப் பேழைக்கு மாற்றப்பட்டு, பேழைக்குள்ளேயே மின்கலத்துடன் கடிகாரமும் பொருத்தப்பட்டது. ‘விலங்குகளின் காடு’ எனப் பொருள்படும் பெயருடன் 2001 ஏப்ரலில் அது ஜப்பானில் வெளிவந்தது. அதன் விரிந்த வடிவமே 2002-இல் அமெரிக்காவில் ‘அனிமல் கிராசிங்’ என்னும் பெயர் பெற்றது. நான் சிங்கப்பூரில் ஆடியது இதுதான்.

கதைகளில் காலம் ஆசிரியர் விருப்பப்படி ஓடும். பிற வீடியோ விளையாட்டுகளில் நாம் நிறுத்தினால் காலமும் நிற்கும். இவ்வாட்டத்திலோ வெளியே காலை எட்டு மணி என்றால் உள்ளேயும் காலை எட்டு மணி. கடை இரவில் மூடப்பட்டிருக்கும். கோடையில் வரும் வண்டு குளிர்காலத்தில் வராது. சிற்றூரைச் சிற்றூராக்கியது அங்குள்ள வீடும் மரமும் அல்ல, நமக்காகக் காத்திராத அந்தக் காலமே.

வினாடியை எண்ணும் படிகம்

அந்தக் காலத்தைக் காப்பது ஓர் அரிசி மணியைவிடச் சற்றே பெரிய குவார்ட்ஸ் படிகத் துண்டு. 1880-இல் பியேர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டனர். மின்னழுத்தம் கொடுத்தால் அப்படிகம் சுருங்கி விரியும் என்பதும் அடுத்த ஆண்டே மெய்ப்பிக்கப்பட்டது. இதைக் கொண்டு 1927-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசன் செய்த முதல் குவார்ட்ஸ் கடிகாரம் ஓர் அறையில் இடம் பிடிக்கும் அளவினது. 1969 கிறிஸ்துமஸ் நாளில் ஜப்பானின் செய்க்கோ நிறுவனம் அதை மணிக்கட்டுக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டு ஓசூரில், டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் தொழிற்சாலை 1980-களின் பிற்பகுதியில் குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. நாள்தோறும் சாவி முடுக்கும் பழக்கம் நம் வீடுகளிலிருந்து அதன் பின் மெல்ல மறைந்தது.

கைக்கடிகாரத்திலுள்ள படிகம் இசைக்கவை வடிவில் வெட்டப்பட்டிருக்கும். அது வினாடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இந்த விந்தையான எண்? மாணவர்கள் தாளில் எழுதிப் பார்க்கலாம். இரண்டை இரண்டால் பெருக்கி, பதினைந்து இரண்டுகள் சேரும்வரை சென்றால் 32,768 வரும். ஆகவே அதிர்வெண்ணைப் பாதியாக்கும் எளிய மின்சுற்றுகள் பதினைந்தை வரிசையாக வைத்தால் கடைசியில் வினாடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைக்கும். பத்து இலட்சத்தில் இருபது பங்கு பிழையுள்ள சாதாரணப் படிகம்கூட நாளொன்றுக்கு 1.7 வினாடியே தவறும்.

வானம் வந்தது

2004 நவம்பரில் நின்டெண்டோ டிஎஸ் என்னும் கருவி விற்பனைக்கு வந்தது. 1997-இல் சாலை விபத்தில் இறந்த யோகோய் அதைக் காணவில்லை. ஆனால் மேலும் கீழுமாக இரு திரைகள் கொண்டு நூல்போல் மடங்கும் அதன் வடிவம் அவர் காலத்தது. ஒவ்வொரு திரையிலும் அகலத்தில் 256, உயரத்தில் 192 என 49,152 வண்ணப் புள்ளிகள். என் திருவிழாக் கருவியின் 200 கட்டங்களை நினைத்துப் பாருங்கள். கீழ்த்திரை தொடுகையை உணரும். வானொலி அலையால் பக்கத்துக் கருவியுடன் பேசவும் அதனால் முடியும். 2005 நவம்பர் 23 அன்று இக்கருவிக்குச் சிற்றூர் ஆட்டத்தின் தொடர்ச்சி ஜப்பானில் வந்தது. டிசம்பரில் அமெரிக்காவிற்கும் சென்றது.

என் முதல் எண்ணம் ஏமாற்றமே என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஊர் சுருங்கியிருந்தது. பழைய ஆட்டத்தில் இரயிலில் ஊருக்கு வந்தேன். இதில் கொட்டும் மழையில் ஒரு வாடகைக் கார் கொண்டுவந்து விட்டது. இரயில் நிலையமே ஊரில் இல்லை! முன்பு ஆளுக்கொரு வீடு. இப்போது நால்வருக்கும் சேர்த்து ஒரே வீடு. கிறிஸ்துமஸ் போன்ற பண்டிகைகளை நீக்கிவிட்டு, எந்த நாட்டுக்கும் உரியதல்லாத புதுத் திருவிழாக்களை வைத்திருந்தனர். பொங்கல் முன்பும் இல்லை, இப்போதும் இல்லை.

ஆனால் ஒரு வாரத்தில் எண்ணம் மாறிற்று. காரணம் வானம். பழைய ஆட்டத்தில் ஊரை மேலிருந்து பார்ப்போம். தரை மட்டுமே தெரியும். புதியதில் தரையை ஓர் உருளையின் பரப்பைப் போல் வளைத்திருந்தனர். நடக்க நடக்க உருளை சுழன்று, எதிரே மரங்களின் உச்சி முதலிலும் அடிமரம் பின்னரும் தெரியும். கடற்கரையில் நின்று கப்பல் வருவதைப் பார்ப்போருக்கு இக்காட்சி புதிதன்று. உண்மையான புவியில் 1.6 மீட்டர் உயரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தொடுவானம் ஏறத்தாழ 4.5 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். இந்தக் குட்டி உலகிலோ சில அடி தொலைவிலேயே தொடுவானம் வந்துவிடுகிறது. அதற்கு அப்பால் மேல்திரை முழுதும் வானம்! பகலில் மேகங்கள், இரவில் விண்மீன்கள். ஊர் அருங்காட்சியகத்தின் மேல்மாடியில் தொலைநோக்கி வைத்த வான்நோக்கு நிலையமும் உண்டு. அங்கே நாமே விண்மீன்களைக் கோடிட்டு இணைத்து, புதிய உருவங்களுக்குப் பெயரிடலாம். என் மகள் ஏழு மீன்களை இணைத்து ‘ஏர்’ என்று பெயரிட்டாள். விண்மீன் கூட்டங்களை இயற்கை வகுக்கவில்லை, மனிதரே வகுத்தனர் என்று நான் வகுப்பில் விளக்க எடுத்துக்கொள்ளும் நேரம் அவளுக்குத் தேவைப்படவில்லை.

வீடு ஒன்றானதன் பயனும் பின்னரே விளங்கியது. நான் கல்லூரியிலிருந்து திரும்பும்போது இரவு எட்டு மணியாகும். பல நாள் அதற்குள் அவள் உறங்கிவிடுவாள். ஒருநாள் கருவியைத் திறந்தால் அஞ்சல் பெட்டி மின்னிக் கொண்டிருந்தது. அவள் எழுதிய கடிதம். ஆட்டத்தில் ஆங்கில எழுத்துகளே உண்டு, அவற்றைக் கொண்டே தமிழை எழுதியிருந்தாள்: “அப்பா சாப்டியா? ஆத்துப் பக்கம் போவாத, தேனீ கொட்டும்.” கியோட்டோவில் இரவு நேரம் கழித்து வீடு திரும்பிய ஒருவரின் கவலை, கால் நூற்றாண்டு கடந்து, விழுப்புரத்தில் ஒரு வீட்டின் கூடத்தில் தீர்ந்தது.

திருவக்கரையும் ஆட்டத்து அருங்காட்சியகமும்

இந்தச் சிற்றூரின் அருங்காட்சியகத்தை ஓர் ஆந்தை நடத்துகிறது. நாம் பிடிக்கும் மீன், பூச்சி, தோண்டியெடுக்கும் புதைபடிவம் ஆகியவற்றைக் கொடுத்தால் அதைப் பற்றி ஒரு சிறு விளக்கம் தரும். மழை நாளில் கடலில் அரிதாகச் சிக்கும் சீலகாந்த் மீன் இவற்றுள் ஒன்று. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனதாக எண்ணப்பட்ட அம்மீன் 1938-இல் தென்னாப்பிரிக்கக் கரையருகே உயிருடன் பிடிபட்டு உலகை வியக்க வைத்தது.

மகள் ஒரு புதைபடிவத்தைக் கண்டு குதித்த மறுவாரம், அவளைத் திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியே திருவக்கரைக்கு அழைத்துச் சென்றேன். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை காத்துவரும் தேசியக் கல்மரப் பூங்கா அங்குள்ளது. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள், நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மெல்ல மெல்லப் புகுந்து கல்லாக மாறியவை. பட்டையும் ஆண்டு வளையமும் கண்ணுக்குத் தெரிகின்றன, தட்டினால் கல்லோசை. அந்தச் சிலிக்காவேதான் நம் கடிகாரத்தின் குவார்ட்ஸும் என்று சொன்னபோது அவள் கல்மரத்தில் காதை வைத்துக் கேட்டாள். “இது துடிக்கலையே அப்பா” என்றாள். மின்னழுத்தம் வேண்டும், ஒற்றைப் படிகமாகவும் இருக்க வேண்டும் என்று விளக்கினேன். அதை அவள் கேட்டாளா என்பது வேறு.

ஆட்டத்தின் பருவங்கள் மட்டும் நம்முடையவை அல்ல. இங்கே மார்கழிப் பனியில் விக்கிரவாண்டி வயல்கள் மங்கித் தெரியும் நாளில் அங்கே பனிக்கட்டி மூடியிருந்தது. ஐப்பசியில் இங்கே ஏரிகள் நிரம்பும்போது அங்கே இலைகள் சிவந்தன. ஆனால் சந்தை நமக்குப் பழகியதுதான். ஞாயிறு காலை விற்கும் டர்னிப் கிழங்குகளை வாங்கிச் சேமித்து, வாரத்தில் விலை ஏறும்போது விற்கவேண்டும். விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அடுத்த ஞாயிற்றுக்குள் விற்காவிடில் கிழங்கு அழுகிவிடும். மல்லாட்டை மூட்டையுடன் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விலைக்குக் காத்திருக்கும் எங்கள் பக்கத்து உழவர் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

நில்லாக் கடிகாரம்

ஏப்ரல் வந்தது. தேர்வுப் பணி, விடைத்தாள் திருத்தும் பணி என நான் ஐந்து வாரம் கருவியைத் தொடவில்லை. மகளுக்கும் தேர்வு. பிறகு திறந்தபோது ஊரெங்கும் களை. பூக்கள் வாடியிருந்தன. வீட்டுக்குள் கரப்பான் பூச்சிகள் ஓடின. அண்டை வீட்டார் “எங்கே போயிருந்தாய்?” என்று கேட்டனர். மகளுக்கு மிக நெருக்கமான முயல் குடிபெயர்ந்து போயிருந்தது.

அவள் அழுதாள். பிறகு ஒரு வழி சொன்னாள்: “கடியாரத்தை அஞ்சு வாரம் பின்னாடி வச்சிடலாமே அப்பா.” கருவியின் கடிகாரத்தை மாற்றுவது எளிது, சில பொத்தான்களே. ஆனால் படிகம் முன்னோக்கி மட்டுமே எண்ணுகிறது. போன முயல் அதனால் திரும்பி வராது. கையிருப்புக் கிழங்கு இருந்தால் அதுவும் அழுகிவிடும். ஆட்டத்தைச் சேமிக்காமல் நிறுத்தி நடந்ததை இல்லையென்று ஆக்க முயல்வோரிடம் இவ்வூரின் அகழெலி ஒன்று தரையைப் பிளந்து வந்து நீண்ட உபதேசம் செய்யும். இவ்வாட்டத்தை உருவாக்கியவர்கள் இந்த ஒரு செய்தியில் மட்டும் கண்டிப்பாக இருந்தனர்.

அருகில் உட்கார்ந்திருந்த என் ஆயா திரையை உற்றுப் பார்த்தார். மயிலம் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, வாழ்க்கைப்பட்டு, எண்பது வயதில் முழங்கால் வலியால் எங்களுடன் விழுப்புரத்துக்கு வந்தவர் அவர். அங்கே அவர் வீடு இரண்டு ஆண்டாகப் பூட்டிக் கிடக்கிறது. அந்த நிலையத்தை நான் நாள்தோறும் இருமுறை கடந்து செல்கிறேன், இறங்கியதில்லை. “களை மண்டிக் கெடக்குதே. ஒரு நாளு போயி புடுங்கப்படாதா?” என்றார் ஆயா. அவர் எந்த ஊரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் மகள் கடிகாரத்தை மாற்றாமல் ஆட்டத்தின் களைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் மயிலத்தில் இறங்கினோம்.

இச்சிற்றூரின் வரலாறு அதன் பின்னும் தொடர்ந்தது. ஒரு கோடிக்கு மேல் விற்ற இந்தக் கையடக்கத் தொடர்ச்சியின் இணையச் சேவை 2014 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. தொலைவிலுள்ளோர் இனி அவ்வழியே ஒருவர் ஊருக்கு மற்றவர் செல்ல இயலாது. பக்கத்தில் இருப்போர் மட்டும் வானொலி அலையால் இன்றும் சென்று வரலாம். 2012-இல் அடுத்த கையடக்கப் பதிப்பும், உலகமே வீட்டுக்குள் அடைபட்ட 2020 மார்ச்சில் ஒரு தீவை ஊராக்கிய பதிப்பும் வந்தன. கடைசியாகச் சொன்னது நான்கு கோடிக்கு மேல் விற்றது. பிரிந்திருக்கும் மனிதர் உலகில் எத்தனை பேர் என்பதற்கு அதுவும் ஒரு கணக்கு.

காரட்டில் பிறந்த நீர்மப் படிகம், மணலில் பிறந்த குவார்ட்ஸ், கண்ணுக்குத் தெரியாத வானொலி அலை ஆகிய மூன்றும் இந்தக் கருவி செய்யப்பட்ட காலத்தில் பழையனவாகிவிட்டவையே. யோகோயின் கொள்கை பொய்க்கவில்லை. அவற்றை ஒன்றுசேர்த்து ஓர் ஊரைக் கைக்குள் அடக்க மனிதனால் முடிந்தது. காலத்தை அடக்க முடியவில்லை. இவ்வாட்டம் அதற்கு முயலவும் இல்லை. வினாடிக்கு 32,768 முறை அதிர்ந்து, பதினைந்து முறை பாதியாகி, ஒரு துடிப்பாக அது நகர்கிறது. நாம் பார்க்கும் போதும், பார்க்காத போதும்.